முதல் புரோகிராமர்கள் எல்லோரும் பெண்களா? சேலத்து மாணவி ஒருவருக்குப் பதில்

அம்மாபேட்டையில் நெசவாளர் வீட்டிலிருந்து வந்து கணினி அறிவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லூரிக் கருத்தரங்குக்கு வந்த பேச்சாளர், “ஆரம்பத்தில் புரோகிராமர்கள் எல்லோரும் பெண்கள்தான், பிறகு ஆண்கள் பறித்துக்கொண்டார்கள்” என்று சொன்னாராம். வீட்டில் இதைச் சொன்னதும் சித்தப்பா சிரித்துவிட்டாராம். “பெண்கள் கம்ப்யூட்டர் பக்கம் வந்ததே இந்த இருபது முப்பது வருடமாகத்தான்” என்பது அவர் கட்சி. யார் சொல்வது சரி? நம் ஊரில் இந்த வரலாற்றுக்கு ஏதாவது தடயம் கிடைக்குமா?

சித்தப்பா சொல்வது தவறு. அதில் பேச இடமில்லை. பேச்சாளர் சொன்னதில் பாதி உண்மை, பாதி கைதட்டலுக்காகச் சொன்னது. அமெரிக்காவில் போர்க் காலத்தில் கட்டிய எனியாக் என்ற மின்னணுக் கணினிக்கு முதன்முதலில் புரோகிராம் அமைத்த அறுவரும் பெண்கள் என்றால் அது சரி. முதல் புரோகிராமர்கள் அத்தனை பேரும் பெண்கள் என்றால் சரியில்லை. அதே காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆண்களும் எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைகளை எண்ணுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. அந்த வேலைக்கு அலுவலகம் என்ன பதவி கொடுத்தது, இயந்திரத்தை எந்த நேரத்தில் தொட விட்டது என்று பார்த்தால், பெண்கள் எப்படி உள்ளே வந்தார்கள், எப்படிக் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள் என்ற இரண்டும் ஒருசேரப் புரியும். சேலத்தில் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகள் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், நம் ஊருக்கும் கடைசியில் வருகிறேன்.

முதலில் பிலடெல்பியா. இரண்டாம் உலகப் போர்க் காலம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் மின்பொறியியல் பள்ளியில், கணிதம் படித்த இளம்பெண்களை ராணுவக் கணக்கு வேலைக்கு எடுத்தார்கள். பீரங்கியை எந்தக் கோணத்தில் வைத்துச் சுட்டால் குண்டு எங்கே விழும் என்ற அட்டவணைகளைப் போட வேண்டும். ஒரே ஒரு குண்டின் பாதையை மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு கையால் முடிக்க 30 முதல் 40 மணி நேரம் பிடித்தது. ஒரு பீரங்கிக்கான அட்டவணைக்கோ இப்படிப்பட்ட பாதைகள் ஏராளமாக வேண்டும். பீரங்கிகள் போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தன, அட்டவணைகள் போய்ச் சேரவில்லை. இந்தத் தாமதத்தைப் போக்கத்தான் எனியாக்கைக் கட்டினார்கள். ஏறத்தாழ 18,000 வால்வுகள் (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள்), 30 டன் எடை.

1945இல் அந்தப் பெண்களிலிருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, புதிய இயந்திரத்துக்குக் கணக்கை ஏற்றும் பொறுப்பைக் கொடுத்தார்கள். கேத்லீன் மெக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். கருத்தரங்கில் பேசும்போது “ஆறு பெண்கள்” என்று மொத்தமாகச் சொல்லிவிடாமல் பெயர்களைச் சொல்லுங்கள். மெக்நல்டி அயர்லாந்தின் டோனகால் பகுதியில் ஐரிஷ் மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர், சிறு வயதில் அமெரிக்கா வந்தவர். ஜென்னிங்ஸ் மிசௌரி மாநிலத்துப் பண்ணை வீட்டுப் பெண்.

பொறுப்பைக் கொடுத்த விதம்தான் விசித்திரம். கையேடு கிடையாது. புரோகிராம் மொழி என்று ஒன்று அப்போது புழக்கத்திலேயே இல்லை. ரகசிய அனுமதி வரும்வரை இயந்திரம் இருந்த அறைக்குள் நுழையக்கூட விடவில்லை. மின்சுற்று வரைபடங்களைக் கையில் கொடுத்து, இதை வைத்துக்கொண்டு தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். அவர்கள் பொறியாளர்களைத் துளைத்துக் கேட்டு, ஒவ்வொரு பலகையாக உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். அந்த இயந்திரத்துக்குப் புரோகிராம் அமைப்பது என்றால் உட்கார்ந்து எழுதுவது இல்லை. கேபிள்களைப் பிடுங்கிச் செருக வேண்டும், ஆயிரக்கணக்கான சுவிட்சுகளைச் சரியான எண்ணில் திருப்பி வைக்க வேண்டும். விடை தப்பாக வந்தால் தப்பு தங்கள் திட்டத்திலா, எங்காவது எரிந்துபோன வால்விலா என்று கண்டுபிடிக்க வேண்டும். நாளடைவில் எந்த வால்வு போயிற்று என்று பொறியாளர்களுக்கே சொல்லும் அளவுக்குத் தேர்ந்துவிட்டார்கள்.

இவ்வளவு கடினமான வேலையைப் பெண்களிடம் ஏன் கொடுத்தார்கள்? பெருந்தன்மை காரணமில்லை. இயந்திரத்தைக் கட்டுவதுதான் மூளை வேலை, அதில் கணக்கை ஏற்றுவது குமாஸ்தா வேலை என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். பதவி வரிசையிலும் அப்படித்தான் வைத்தார்கள். இந்தப் பெண்களின் நியமனம் முழுத் தொழில்முறைப் பதவிக்கு ஒரு படி கீழே இருந்த பிரிவில்தான். எது கஷ்டம் என்பது செய்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அதற்குள் சம்பள விகிதம் எழுதியாகிவிட்டது.

1946 பிப்ரவரி 15 அன்று எனியாக்கை ஊரறியக் காட்டினார்கள். குண்டின் பாதையைக் கணக்கிடும் செய்முறையை அமைத்தவர்கள் ஸ்னைடரும் ஜென்னிங்ஸும். முந்தைய இரவுவரை ஒரு கோளாறு தீரவில்லை. குண்டு தரையைத் தொட்ட பிறகும் கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, தரைக்குள் புகுந்து போவது போல. ஸ்னைடர் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தவர், காலையில் நேராக வந்து ஒரு சுவிட்சைத் திருப்பினார். தீர்ந்தது. அன்று குண்டு உண்மையில் பறந்து விழ ஆகும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் இயந்திரம் விடையைச் சொன்னது. பத்திரிகைகள் ‘ராட்சத மூளை’ என்று எழுதின. அன்றிரவு விருந்து நடந்தது. அந்தச் செய்முறையை அமைத்த இருவருக்கும் அழைப்பு இல்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1980களில், கேத்தி கிளைமன் என்ற கல்லூரி மாணவி பழைய புகைப்படங்களில் எனியாக்கின் அருகே நிற்கும் பெண்கள் யார் என்று விசாரித்தார். குளிர்சாதனப் பெட்டி விளம்பரத்தில் கதவைத் திறந்து காட்டுகிறார்களே, அந்த மாதிரி மாடல்கள் என்று விவரம் தெரிந்தவர்களே பதில் சொன்னார்கள். கிளைமன் அதை நம்பாமல் தேடிப் போனதால்தான் இன்று நாம் பெயர் சொல்லிப் பேசுகிறோம்.

வேலையை இரண்டாகப் பிரிக்கும் பழக்கம் எழுத்திலும் ஏறியது. 1947, 1948இல் எனியாக் வேலையில் தொடர்புள்ள கணிதவியலாளர்கள் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் ஃபான் நாய்மனும் எழுதிய அறிக்கைகளில், கணக்கை எப்படிச் செய்வது என்று திட்டமிடுபவர் ஒருவர், அதை இயந்திரம் ஏற்கும் குறிகளாக (கோடாக) மாற்றுபவர் வேறொருவர் என்ற பிரிவினை தெரிகிறது. தலைப்பிலேயே திட்டமிடலும் குறியெழுதலும் தனித்தனிச் சொற்களாக நிற்கும். உலகம் என்னவோ அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. எனியாக்குக்கு விரிவான கையேடு எழுதியவர் கோல்ட்ஸ்டைனின் மனைவி அடீல், அவரும் கணிதம் படித்தவர். ஃபான் நாய்மனின் மனைவி கிளாரா 1948இல் அதே இயந்திரத்தில் அணுகுண்டு ஆய்வுக்கான மான்டி கார்லோ கணக்குகளுக்கு (தற்செயல் எண்களை வைத்து விடையை மதிப்பிடும் முறை) புரோகிராம் எழுதினார். கேபிள் செருகும் தொல்லையை ஒழித்து, நினைவில் வைத்த கட்டளைகளால் எனியாக் இயங்கும்படி மாற்றிய புரோகிராமர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜென்னிங்ஸ். இதில் எங்கே திட்டம் முடிந்து எங்கே குறி தொடங்கியது? கோடு போட்டது சம்பளப் பட்டியல்தான்.

அமெரிக்கக் கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பரைப் பற்றி உங்கள் பேச்சாளர் கட்டாயம் சொல்லியிருப்பார், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். 1944இல் ஹார்வர்டின் மார்க் 1 இயந்திரத்தில் தொடங்கினார், 1952இல் ஏ-0 என்ற தொகுப்பியை (கம்பைலரை) உருவாக்கினார், வணிகக் கணக்குக்கான கோபோல் மொழிக்கு அடித்தளம் போட்ட முந்தைய மொழியை வடிவமைத்தார். சுவரொட்டிகளில் ஹாப்பர் ஒருவரையே வைத்து மற்றவர்களை மறைத்துவிடுவது எனக்குப் பிடிக்காது. வணிகத்துக்கென்று எல்லா இயந்திரங்களிலும் ஓடும் பொதுமொழி வேண்டும் என்று 1959இல் முதலில் கிளப்பியவர் மேரி ஹாஸ். அதன் வடிவமைப்பில் ஜீன் சாமட்டின் பங்கு பெரியது. பெட்டி ஸ்னைடரும் அங்கே இருந்தார், திருமணத்துக்குப் பின் பெட்டி ஹோல்பர்ட்டன் என்ற பெயரில். தரவுகளை வரிசைப்படுத்தும் புரோகிராமைத் தானாகவே எழுதித்தரும் புரோகிராமை அவர் 1951இலேயே செய்துவிட்டார். விசைப்பலகையின் பக்கத்தில் எண்களைத் தனிக்கட்டமாக வைக்க வேண்டும் என்று யூனிவாக் என்ற வணிகக் கணினியின் பொறியாளர்களிடம் வற்புறுத்தியவரும் அவரே. வங்கிக் காசாளரின் வலது கை தினமும் ஓடும் இடம் அது.

இங்கிலாந்துக் கதை இதைவிடக் கசப்பு. அங்கே ஒரு தேநீர்க்கடை நிறுவனம்தான் முதலில் வணிகக் கணினியைக் கட்டியது என்றால் ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்கள் நம்பமாட்டார்கள். லயன்ஸ் நிறுவனம், 1951, இயந்திரத்தின் பெயர் லியோ. ரொட்டிக்கூடத்துக் கணக்கில் ஆரம்பித்துச் சம்பளப் பட்டியல்வரை அதில் போட்டார்கள். 1952இல் அங்கே புரோகிராமராகச் சேர்ந்த மேரி கூம்ஸ், வணிகக் கணினிக்குப் புரோகிராம் எழுதிய முதல் பெண் எனப்படுகிறார். அவர் படித்தது பிரெஞ்சு. நிறுவனம் நடத்திய தேர்வில் தேறியவர்களில் அவர் ஒருவர், எடுத்துக்கொண்டார்கள். கணிதப் பட்டம் இல்லாமல் இந்தத் துறைக்குள் நுழைய முடிந்த காலம் அது.

அரசு அலுவலகங்களில் நிலைமை வேறு. திருமணமானால் பெண் வேலையை விட வேண்டும் என்ற விதியை பிரிட்டிஷ் அரசுப் பணியில் 1946இல்தான் நீக்கினார்கள். 1955இல் சம சம்பளம் என்று அறிவித்து, 1961க்குள் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். இயந்திரங்களை இயக்கும் பிரிவினருக்கு மட்டும் அது கிடையாது. அந்தப் பிரிவில் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள், எந்த ஆணின் சம்பளத்தோடு ஒப்பிடுவது என்பது அரசு தரப்பின் வாதம். பெண்களை மட்டும் ஒரு பிரிவில் போட்டு, அங்கே ஆண்கள் இல்லாததையே காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைத்தார்கள். அதே அரசுப் பணியில் 1959இல் ஒரு பெண் புரோகிராமர், கணினியே தெரியாத இரண்டு புதிய ஆண்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தார். பயிற்சி முடிந்ததும் அவர்கள் மேலாளர் நிலைக்குப் போனார்கள், சொல்லிக்கொடுத்தவர் அவர்களுக்குக் கீழே உதவியாளரானார்.

இந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனவர் ஸ்டெஃபனி ஷெர்லி. நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் குழந்தை அகதியாக இங்கிலாந்து வந்தவர். 1962இல் 6 பவுண்டு முதலில் மென்பொருள் நிறுவனம் தொடங்கி, குழந்தை பிறந்ததால் வேலையை விட்ட பெண் புரோகிராமர்களைச் சேர்த்து, வீட்டிலிருந்தே எழுத வைத்தார். வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, பேசுவதற்குத் தொலைபேசி கிடைக்குமா என்பது. வாடிக்கையாளர்களுக்குத் தன் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்ட பிறகு வந்தது. தொலைபேசியில் பேசும்போது பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்காமலிருக்க, தட்டச்சுச் சத்தத்தைப் பதிவு செய்து ஓடவிடுவாராம். அந்த வீட்டுப் பெண்கள்தான் கான்கார்டு விமானத்தின் கருப்புப் பெட்டிக்குப் புரோகிராம் எழுதினார்கள். முதல் 300 பேரில் ஆண்கள் மூவர். 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபோது, பெண்களை மட்டும் எடுப்பதும் சட்டவிரோதம் என்றாகி, ஆண்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. பெண்களுக்காக வந்த சட்டம் முதலில் தட்டிய கதவுகளில் இந்தக் கதவும் ஒன்று.

இனி உங்கள் வீட்டுத் தறிக்கு வருகிறேன். தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியும் துளை போட்ட அட்டைகளும் கணினிக்கு முன்னோடி என்று நீங்களே படித்திருப்பீர்கள். அது உண்மை. பிரான்சு நாட்டு ஜக்கார்டு தன் தறியை 1804 வாக்கில் உருவாக்கினார். அதே அட்டைகளை, கடைசிவரை கட்டி முடிக்காத தன் பகுப்பாய்வு இயந்திரம் என்ற கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொள்ள ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் திட்டமிட்டார். அந்த இயந்திரத்தைப் பற்றி 1843இல் குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸ், ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதைப் போல இது இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்றார். ஏடாவில் தொடங்கி நேராக இன்றைய பெண்களுக்குக் கோடு இழுப்பது மேடைப் பேச்சுக்குத்தான் சரி. இடையில் நூறு ஆண்டுகள் அந்தக் குறிப்புகளை எடுத்துச் செல்ல இயந்திரமே இல்லை.

நெசவு உண்மையாகவே கணினிக்குள் வந்த இடம் வேறு. நிலவுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் கணினியில், மாறாத நினைவகம் 36,864 சொற்கள் கொண்டது (சொல் என்பது இங்கே 0, 1 வரிசையால் ஆன ஓர் அலகு). அதைக் கையால் நெய்தார்கள். சிறு காந்த வளையத்துக்குள் கம்பி நுழைந்து போனால் 1, வெளியே ஒதுங்கிப் போனால் 0. மாசசூசெட்ஸின் வால்தம் நகரத்து ரேதியான் தொழிற்சாலையில் பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஊசியைக் கொடுத்து வாங்கி இதைச் செய்தார்கள். அந்த வட்டாரம் துணி ஆலைகளுக்கும் கைக்கடிகாரத்துக்கும் பேர்போனது, அந்தக் கைகளைத்தான் எடுத்தார்கள். ஒரு புரோகிராமை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும், நெய்தபின் மாற்ற முடியாது. பொறியாளர்கள் இந்த நினைவகத்தைக் கிழவிகளின் பெயரைச் சொல்லிக் கேலியாக அழைத்தார்கள். கம்பி ஓர் இடத்தில் தவறினாலும் கலம் தவறும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

உங்கள் வீட்டிலும் பாருங்கள். தறியில் உட்காருபவர் அப்பா, சங்கத்தில் உறுப்பினர் அப்பா, நெசவாளர் என்ற அடையாள அட்டை அப்பாவுக்கு. தார் சுற்றுவதும், அறுந்த இழையைப் பிணைப்பதும், ராட்டையும் அம்மாவுடையவை. அதைக் கேட்டால் “கூடமாட ஒத்தாசை” என்பார்கள். குகையிலும் பொன்னம்மாபேட்டையிலும் இளம்பிள்ளையிலும் இந்த ஒத்தாசை இல்லாமல் எத்தனை தறி ஓடும்? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டின் நெசவாளர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள் என்கிறது. பெண்களே தறியில் உட்காரும் வடகிழக்கு மாநிலங்கள் அந்தக் கணக்கை உயர்த்துகின்றன, அதைக் கழித்துத்தான் நம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். எனியாக்கில் நடந்ததைச் சித்தப்பாவுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அவர் வீட்டுக் கணக்கு அது.

ஆண்கள் “பறித்துக்கொண்டார்கள்” என்ற பேச்சாளரின் இரண்டாம் பாதிக்கு வருவோம். ஒருநாள் யாரோ வந்து பறித்ததாகத் தெரியவில்லை. வேலைக்கு மதிப்பு கூடக்கூட உள்ளே வரும் வாசலை மாற்றி அமைத்தார்கள். 1960களில் புரோகிராமர்களுக்குக் கடும் தட்டுப்பாடு. நிறுவனங்கள் உளவியலாளர்களை அழைத்து, நல்ல புரோகிராமர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னன. 1966இல் கேனன், பெரி என்ற இரு உளவியலாளர்கள் 1,378 புரோகிராமர்களிடம் விசாரித்தார்கள். அவர்களில் பெண்கள் 186 பேர்தான். புதிர் விடுவிக்கப் பிடிக்கும், மனிதர்களோடு பழகுவதில் நாட்டமில்லை என்பவர்களே இந்தத் தொழிலுக்கு ஏற்றவர்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஏற்கனவே அங்கே அதிகமாக இருந்த ஆண்களை அளந்து, அந்த அளவையே எதிர்காலத்துக்கும் சட்டையாகத் தைத்துவிட்டார்கள். தேர்வுகள் அந்தச் சட்டைக்கு ஏற்ற உடம்பைத் தேடின. அதே சமயத்தில், 1967இல், ஓர் அமெரிக்கப் பெண்கள் இதழில் ஹாப்பர், புரோகிராம் எழுதுவது விருந்துக்குத் திட்டமிடுவதைப் போன்றது, பெண்களுக்கு இயல்பாக வரும் என்ற பொருளில் பேசியிருந்தார். நல்ல நோக்கம்தான். ஆனால் பெண்களுக்குப் பொறுமை அதிகம், கவனம் அதிகம் என்று புகழ்ந்து உள்ளே அழைப்பவர்கள், சம்பளம் பேசும்போதும் அதே பொறுமையை எதிர்பார்ப்பார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சி ஆகாது.

அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1984 வாக்கில் உச்சமாக 37 சதவீதத்தைத் தொட்டது. பிறகு சரிந்து சுமார் 18 சதவீதத்துக்கு வந்தது. வீட்டுக் கணினி வந்த காலம் அது. அதைப் பையன்களின் விளையாட்டுப் பொருளாக விற்றார்கள், பையனின் அறையில் வைத்தார்கள். கல்லூரியின் முதல் வகுப்பிலேயே அவன் பல ஆண்டுகள் முன்னால் நின்றான், ஆசிரியர்கள் அதைத் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து, முன் அனுபவம் இல்லாதவர்களுக்கும் இடம் கொடுக்கும்படி சேர்க்கையையும் பாடத்தையும் மாற்றினார்கள். 1995இல் 7 சதவீதமாக இருந்த மாணவிகள் 2000இல் 42 சதவீதமானார்கள். ஐந்து ஆண்டுகளில் பெண்களின் மூளை மாறியிருக்காது.

நம் பக்கம் அந்தச் சரிவு வரவில்லை. காரணம் நம் முற்போக்கு என்று மார்தட்ட வேண்டாம். 1980களில் சேலத்தில் யார் வீட்டில் கணினி இருந்தது? பையனும் பெண்ணும் கல்லூரியில்தான் முதன்முதலாக அதைப் பார்த்தார்கள். இருவரும் ஒரே கோட்டில் நின்று ஓடினார்கள், பெண்கள் பின்தங்கவில்லை. அத்தோடு பெற்றோர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். நிழலில் உட்கார்ந்த வேலை, ஏசி அறை, வெயிலில் கட்டடத்தின் மேல் ஏற வேண்டாம். சிவில், மெக்கானிக்கல் என்றால் தயங்கிய அப்பாக்கள் கணினி என்றால் கையெழுத்துப் போட்டார்கள். இன்று நாட்டின் ஐ.டி. ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண் என்றால் அதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு. இதற்கு முன்னால் ஓர் அடித்தளமும் இருந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943இல் தேறிய அ. லலிதா மின்பொறியாளர். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அவரோடு படித்தவர்கள் லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா. சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு, பெண்பாலைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

வாசல் திறந்திருந்தாலும் நேரம் திறக்கவில்லை. தொடக்க காலம் முழுவதும் கணினி நேரம் விலை உயர்ந்தது, புதியவர்களுக்கு இரவில்தான் கிடைக்கும். அப்போலோ கணினியின் மென்பொருள் குழுவை வழிநடத்திய மார்கரெட் ஹாமில்டன், இரவிலும் வார இறுதியிலும் சிறு மகளைக் கூடவே ஆய்வகத்துக்கு அழைத்துப்போனார். மகள் விசைகளை அழுத்தி விளையாடியபோது ஒத்திகை இயந்திரம் நின்றுபோனது. புறப்படுமுன் ஓட வேண்டிய புரோகிராமைக் கலம் பறக்கும்போது ஓட்டிவிட்டாள். விண்வெளி வீரரும் இதைச் செய்யலாம், தடுப்பு வைக்கலாம் என்று ஹாமில்டன் கேட்டார். பயிற்சி பெற்றவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். 1968 டிசம்பரில் அப்போலோ 8 பயணத்தில் ஜிம் லோவல் அதையேதான் செய்தார். (அப்போலோ மென்பொருள் முழுவதையும் ஹாமில்டன் தனியாக எழுதினார் என்று வாட்ஸ்அப்பில் வரும் படத்தைக் கருத்தரங்கில் காட்டாதீர்கள். பல நூறு பேரின் உழைப்பு அது.)

எங்கள் கல்லூரியில் என்ன நடந்தது தெரியுமா? நான் சேர்ந்தபோது ஆய்வகத்தில் இருந்த பி.சி.க்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பகல் நேரம் வகுப்புகளுக்கு, கூடுதல் பயிற்சிக்கு மாலை ஆறு மணிக்கு மேல் என்று அட்டவணை போட்டார்கள். காகிதத்தில் எல்லோருக்கும் சமம். மாணவியர் விடுதிக் கதவு ஆறுக்கு மூடும். வாழப்பாடி, ஆத்தூர் போக வேண்டியவர்கள் பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கே கிளம்பிவிடுவார்கள். சேர்வராயன் மலையிலிருந்து வந்து படித்த பெண்ணுக்கோ இன்னும் கஷ்டம். 20 கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில் ஏறும் பஸ்ஸில் மகளை எந்த வீட்டில் விடுவார்கள்? மாலை நேரத்தில் அந்த அறையில் பையன்கள்தான் இருந்தார்கள். ஆண்டு முடிவில், பெண்கள் தேர்வுக்கு நன்றாகப் படிக்கிறார்கள், ஆனால் இயந்திரத்தோடு பழக்கம் போதாது என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அட்டவணையைக் காலை ஏழு மணிக்கு மாற்றச் சொல்லிச் சண்டை போட்டேன். மாற்றினார்கள். பழக்கம் தானாக வந்தது.

தொழிற்சாலைச் சட்டம் 1948, இரவு 7 முதல் காலை 6 வரை பெண்களை வேலைக்கு வைக்கத் தடை போட்டிருந்தது. ஆலைகளுக்காக எழுதிய அந்த விதி கணினி அறைகளுக்குச் சொன்னதல்ல என்றாலும், இரவு வேலை பெண்ணுக்கு ஆகாது என்ற பொதுப் புத்திக்கு அது முத்திரை. சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. இன்று ஜாகிர் அம்மாபாளையம் எல்காட் ஐ.டி. வளாகத்துப் பக்கம் வேலை தேடும் பெண்கள் ஷிப்டையும் வண்டி வசதியையும் முதலில் கேட்பது பழைய கேள்வியின் தொடர்ச்சிதான்.

நம் ஊர்த் தடயத்துக்கு வருகிறேன். புகழ்பெற்ற பெயர்களைத் தேடினால் சேலத்தில் ஒன்றும் கிடைக்காது. தட்டச்சுப் பயிலகங்களில் தேடுங்கள். லோயர், ஹையர் முடித்த பெண்கள்தான் பல அலுவலகங்களில் கணினி வந்தபோது முதலில் அதன்முன் உட்கார்ந்தார்கள். விரல் வேகம் இருந்தது, அதனால் தரவைப் பதியச் சொன்னார்கள். பதிவதோடு நின்றவர்களும் உண்டு. அறிக்கை தப்பாக வந்தபோது ஏன் என்று பார்த்து, டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் கட்டளைகளை மாற்றி எழுதி, கடைசியில் அந்த அலுவலகத்தின் சம்பளப் பட்டியலையே நடத்தியவர்களும் உண்டு. அப்படிச் சிலரை எனக்கு நேரில் தெரியும். பதவி உயர்வில் அந்த எழுத்து கணக்கில் வரவில்லை.

ஓய்வுபெற்ற அப்படிப்பட்ட பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். ஒரு குறிப்பேட்டோடு போய் நியமன ஆணையைக் காட்டச் சொல்லுங்கள், எந்த ஆண்டு எந்த இயந்திரம் வந்தது, யார் சொல்லிக்கொடுத்தார்கள், அவர்கள் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், இயந்திரம் எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை அவர்கள் கையில் இருந்தது என்று கேளுங்கள். “நான் வெறும் டைப்பிஸ்ட்தானம்மா” என்றுதான் ஆரம்பிப்பார்கள். பணிப்பதிவேட்டிலும் தட்டச்சர் என்றே இருக்கும். அத்தோடு எழுந்து வந்துவிடாமல், மாதக் கடைசியில் கணக்கு நேராகவில்லை என்றால் அலுவலகத்தில் யாரைக் கூப்பிடுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.